கை வேலைக்கு முன்னும் பின்னும்: தொடக்கப் பள்ளி அறிவியல் செயல்பாடுகள் எப்போது கற்பிக்கின்றன?

ஆழம் குறைந்த தட்டில் சிறிது நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்து, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் சுடர் அணைகிறது. தட்டிலுள்ள நீர் குவளைக்குள் ஏறுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தைச் சேர்ந்த பிலோன் எழுதி வைத்த காலம் முதல் இச்சோதனை கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. தொடக்கப் பள்ளி வகுப்புகளில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: சுடர் காற்றிலுள்ள ஆக்சிஜனை எரித்துத் தீர்க்கிறது, காலியான அந்த இடத்தை நீர் நிரப்புகிறது. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு; நீரும் சில வேளைகளில் குவளையின் ஐந்தில் ஒரு பங்கு உயரம் வரை ஏறி நிற்கும். கணக்கு ஒத்துப்போவதால் விளக்கமும் சரியாகத்தான் இருக்கும் என்று ஆசிரியரும் பிள்ளைகளும் நிறைவடைந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த விளக்கம் தவறு. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்சிஜனும் எங்கும் போய்விடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிக் குவளைக்குள்ளேயே இருக்கிறது. அந்த நீராவி குளிர்ந்து துளிகளாகும்போது வாயுவின் அளவு ஓரளவு குறைவது உண்மைதான் என்றாலும், அது சிறு பங்கே. முதன்மையான காரணம் வெப்பம். சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடேறி விரிகிறது. அதில் ஒரு பகுதி குவளையின் விளிம்பு வழியே குமிழிகளாக வெளியேறுகிறது, அல்லது குவளையைக் கவிழ்க்கும்போதே உள்ளே சிக்கிய காற்று சூடாக இருக்கிறது. சுடர் அணைந்ததும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. உற்றுப் பார்ப்பவர்களுக்கு இதற்கான சான்று கண்ணெதிரேயே கிடைக்கும்: சுடர் எரியும் நேரம் முழுவதும் படிப்படியாக ஏற வேண்டிய நீர், சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்த பின்னும்தான் விரைந்து ஏறுகிறது. இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால், ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றி, அதே குவளையைக் கவிழ்த்துப் பார்க்கலாம். குவளைக்குள் இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லை. ஆனாலும் நீர் முன்னதைவிட உயரமாக ஏறும்.

இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே தொடக்கப் பள்ளிச் செயல்பாடுகளின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. ஒரே மெழுகுவர்த்தியோடு செய்து, ஆசிரியர் சொன்ன காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், பிள்ளைகள் கையால் ஒரு வேலை செய்திருப்பார்கள்; ஆனால் கேட்டதை நம்பும் பழக்கமே அவர்களிடம் வலுப்பட்டிருக்கும். 'ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம் என்றால், மூன்று மெழுகுவர்த்திகள் வைத்தால் நீர் எவ்வளவு ஏற வேண்டும்?' என்று முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொருவரும் தம் விடையைக் குவளையின் பக்கவாட்டில் கோடு போட்டுக் குறித்துவிட்டுச் செய்து பார்த்தால், அதே பொருள்கள் அதே வகுப்பில் வேறொரு பாடமாகிவிடுகின்றன. குழந்தை மனத்தில் வைத்திருக்கும் எண்ணம் ஒன்று தோற்றுப்போக இடம் இருக்கும்போதுதான் ஒரு செயல்பாடு அறிவியல் ஆகிறது என்பது என் உறுதியான கருத்து. கை எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதைவிட, கை தொடங்குவதற்கு முன் என்ன கணித்தார்கள், முடித்த பின் எதைப் பற்றி வாதிட்டார்கள் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன.

பொருளைத் தொட்டும் பார்த்தும் கற்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்சி, சொல்லுக்கு முன் பொருள் வர வேண்டும் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தினார். 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி தொடங்கிய சோதனைப் பள்ளியில் கைத்தொழில்கள் வழியே பாடங்கள் கற்பிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நாடுகளின் பள்ளிகளுக்கு ஆய்வுக்கூடக் கருவிகள் கிடைக்காத நிலையில், கையில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே கருவிகள் செய்வதற்கான குறிப்புகள் தொகுக்கப்பட்டன. அவற்றை விரிவாக்கி யுனெஸ்கோ 1956இல் வெளியிட்ட ஆசிரியர் கையேடு பல மொழிகளுக்குச் சென்றது. மறு ஆண்டு சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும், அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சம் அமெரிக்காவைப் பிடித்துக்கொள்ள, 1960களில் தொடக்கப் பள்ளிகளுக்கான பெரும் பாடத்திட்டங்கள் அங்கே உருவாயின.

அவற்றுள் இரண்டு கருத்துகள் இன்றும் பயன்படுகின்றன. இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ், பாடத்தின் வரிசையை மாற்றினார்: முதலில் குழந்தைகள் பொருளோடு பழகட்டும், அதன் பிறகே ஆசிரியர் அதற்குரிய கருத்தையும் பெயரையும் சொல்லட்டும், பின்னர் அக்கருத்தைப் புதிய சூழல்களில் அவர்கள் பயன்படுத்திப் பார்க்கட்டும் என்றார். 'காந்தப்புலம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் காந்தத்தைக் கையில் கொடுப்பதற்கும், காந்தத்தோடு ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு அச்சொல்லைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஆசிரியரும் ஒரே நாளில் உணர்ந்துவிடலாம். மெய்யியலாளர் டேவிட் ஹாக்கின்ஸ் 1965இல் வேறொன்றை வலியுறுத்தினார்: கட்டளை எதுவும் இல்லாமல் பொருளை வெறுமனே அளைந்து பார்க்கும் காலம் ஒன்று, தொடக்கத்தில் குழந்தைகளுக்குக் கட்டாயம் தேவை. வகுப்பறைகளில் முதலில் வெட்டப்படுவது இந்தக் காலம்தான். அதை வெட்டியதால் மிச்சமாகும் பத்து நிமிடங்களைக் குழந்தைகள் எப்படியும் எடுத்துக்கொண்டுவிடுவார்கள்; ஆசிரியர் பேசும்போது மேசைக்கடியில் காந்தங்களை ஒட்டவைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிரான்சில் 1992ஆம் ஆண்டு இயற்பியல் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக், சிகாகோவின் எளிய குடியிருப்புப் பகுதிப் பள்ளிகளில் மற்றொரு நோபெல் இயற்பியலாளரான லியோன் லேடர்மன் முன்னெடுத்த பணியைக் கண்டு, 1996இல் தம் நாட்டு அறிவியல் கழகத்தின் துணையோடு தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு குழந்தையும் தன் சொற்களிலேயே எழுதும் சோதனைக் குறிப்பேடு அதன் முக்கியக் கூறு. தவறான கணிப்பையும் அழிக்காமல் வைத்திருக்கும் குறிப்பேடு அது.

அழிக்காமல் வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 1970களிலும் 1980களிலும் நடந்த ஆய்வுகள் விடை தருகின்றன. இங்கிலாந்தில் ரோசலிண்ட் டிரைவரும், நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்னும் அவர்களுடைய குழுவினரும், குழந்தைகள் வகுப்புக்குள் வரும்போதே உலகத்தைப் பற்றிய விளக்கங்களோடு வருகிறார்கள் என்பதை விரிவாகப் பதிவு செய்தார்கள். மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து ஒரே கம்பி வழியாகப் பல்புக்கு மின்சாரம் போனால் போதும் என்று பல குழந்தைகள் நினைக்கிறார்கள். குழாயிலிருந்து நீர் வருவது போன்ற எண்ணம் இது. இரு முனைகளிலிருந்தும் இரு மின்னோட்டங்கள் புறப்பட்டுப் பல்புக்குள் மோதிக்கொள்வதால்தான் வெளிச்சம் உண்டாகிறது என்பது இன்னொரு விளக்கம். சுற்று முழுமையாக வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவர்களிலும் பலர், பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியை உண்டுவிடுகிறது, திரும்பி வருவது குறைவு என்றே கருதுகிறார்கள். இந்த எண்ணங்களைத் தொடாமல் 'மின்சுற்று' பாடம் நடத்தினால், தேர்வில் சரியான படம் வரைந்துவிட்டு, மனத்தில் பழைய படத்தோடேயே அவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே இப்பாடத்துக்குரிய நல்ல செயல்பாடு மிகக் குறைந்த பொருள்களோடு தொடங்குகிறது: 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று, டார்ச் விளக்கின் இழைப் பல்பு ஒன்று, கம்பி ஒன்றே ஒன்று. பல்பு எரிய இவற்றை எப்படி வைக்க வேண்டும் என்று முதலில் வரையச் சொல்ல வேண்டும். பல்பைப் பொருத்தும் தாங்கியைக் கொடுக்கக் கூடாது. பல்புக்கு அடிமுனை, பக்கவாட்டு உலோக உறை என்று இரண்டு தொடுமிடங்கள் இருக்கின்றன என்ற முக்கியச் செய்தியைத் தாங்கி மறைத்துவிடும். இப்போது பரவலாகக் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள் இந்தப் பாடத்தின் தொடக்கத்துக்குப் பொருந்தா. அவற்றுக்கு வழக்கமாக 1.5 வோல்ட் போதாது, மேலும் ஒரு திசையில் இணைத்தால் மட்டுமே ஒளிரும்; சரியாகச் சிந்தித்த குழந்தையும் தோற்றுப்போவாள். கம்பியால் மின்கலத்தின் இரு முனைகளையும் நேராக இணைத்துவிட்டால் கம்பி சுடும் என்பதையும், சுட்டால் உடனே விட்டுவிட வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த வேலைக்குச் சாதாரணத் துத்தநாக-கார்பன் மின்கலமே ஏற்றது. மறுமின்னேற்றம் செய்யத்தக்க லித்தியம் மின்கலங்கள் குழந்தைகள் கையில் வரவே கூடாது.

பல்பு மின்னோட்டத்தை உண்கிறதா என்ற கேள்விக்கு, ஒரே வகைப் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்துப் பார்க்கலாம். முதல் பல்பு உண்டுவிட்டால் இரண்டாவது மங்கலாக எரிய வேண்டும்; இரண்டும் ஒரே அளவில் எரியும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பல்புகளுக்கிடையிலும் சிறு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், ஒன்று சற்று மங்கினால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மங்கல் இடத்தோடு நிற்கிறதா, பல்போடு நகர்கிறதா என்று குழந்தைகள் தாமே கேட்கத் தொடங்கும் அந்தத் தருணம், எந்த வரையறையையும்விட மதிப்பு மிக்கது.

வெப்பத்தைப் பற்றிய பாடத்தில் கம்பளித் துணி இதே வேலையைச் செய்கிறது. கம்பளி வெப்பத்தைத் தருகிறது என்று குழந்தைகள் உறுதியாக நம்புகிறார்கள். போர்த்திக்கொண்டால் சூடாகத்தானே இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைக் கம்பளியில் சுற்றியும் மற்றொன்றைத் திறந்தும் வைத்தால் எது முதலில் உருகும் என்று கேட்டால், கம்பளிக்குள் இருப்பதுதான் என்று பலர் கை தூக்குவார்கள். அது நெடுநேரம் உருகாமல் கிடப்பதைக் கண்ட பிறகு, வெறும் கம்பளிக்குள் ஒரு வெப்பமானியை வைத்து அது ஏறுகிறதா என்று பார்க்கலாம் என யாராவது ஒரு குழந்தை சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும். வெப்பமானி ஏறாது. கம்பளி வெப்பத்தைத் தருவதில்லை, அது வந்து போவதைத் தாமதப்படுத்துகிறது என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு சொன்னால் அது நிலைக்கும்.

விதை முளைக்கும் செயல்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதைப் போல அதிகமாகச் செய்யப்பட்டு, இதைப் போல அரைகுறையாக விடப்படும் செயல்பாடு வேறில்லை. ஒரு தொட்டியை வெளிச்சத்திலும் இன்னொன்றை இருட்டிலும் வைத்து, ஒளி இருந்தால் செடி நன்றாக வளரும் என்று முடிப்பது வழக்கம். ஒரு வாரம் கழித்து அளந்து பார்த்தால் இருட்டிலிருக்கும் நாற்றுதான் உயரமாக நிற்கும். பெரும்பாலான பயறு வகைகள் முளைக்க ஒளி தேவையில்லை. விதைக்குள் சேமித்து வைத்த உணவைக் கொண்டே முளை எழுகிறது. இருட்டில் அது தன் உணவையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவிட்டு ஒளியைத் தேடி மேலே போகிறது. தண்டு மெலிந்து, இலைகள் சிறுத்து, பச்சையம் உருவாகாமல் வெளிறியிருக்கும். உயரத்தை மட்டும் அளக்கும் குழந்தை, செடிக்கு இருட்டே நல்லது என்று முடிவு செய்வாள்; அவளுடைய தரவு அப்படித்தான் சொல்கிறது. இந்த இடத்தில் பாடநூலைக் காட்டி அவளை மறுத்துவிட்டால், அளப்பதற்குப் பொருளே இல்லை என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள். 'நன்றாக வளர்வது' என்றால் என்ன, உயரமா, இலைகளின் எண்ணிக்கையா, தண்டின் தடிமனா என்று கேட்டு, இன்னும் இரண்டு வாரங்கள் பொறுத்திருந்தால், சேமிப்புத் தீர்ந்த நாற்று சாய்ந்து விழுவதை அவளே காண்பாள். தொட்டிக்கு ஒரே விதை இட்டால், விதை பழுதானதால் முளைக்கவில்லையா, இருட்டால் முளைக்கவில்லையா என்று சொல்ல முடியாது; ஒவ்வொரு நிலைக்கும் பத்து விதைகளாவது வேண்டும். மாதிரியின் அளவு என்ற கருத்து ஏழு வயதுக் குழந்தைக்கு இப்படித்தான் அறிமுகமாக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து ஒப்பிடும் நியாயமான சோதனையைப் பழக்க ஊசல் சிறந்த துணை. கனமான குண்டு வேகமாக ஆடும் என்று ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் கணிப்பார்கள். நூலின் நீளத்தையும் ஆடும் அகலத்தையும் மாற்றாமல் எடையை மட்டும் கூட்டினால் நேரம் மாறுவதில்லை. நீளத்தை மாற்றினால் மாறுகிறது. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஏறத்தாழ 1 நொடியும், 1 மீட்டர் நீளமுள்ளது ஏறத்தாழ 2 நொடியும் எடுக்கும். ஒரே ஆட்டத்தை அளப்பது கடினம் என்பதால் பத்து ஆட்டங்களை எண்ணிப் பத்தால் வகுக்கலாம். இதில் அடிக்கடி நேரும் தவறு ஒன்றுண்டு: எடையைக் கூட்டுவதற்காக வளையங்களை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் ஊசலின் நீளமும் கூடிவிடுகிறது, எடைதான் காரணம் என்ற பழைய நம்பிக்கை மீண்டும் உயிர் பெறுகிறது. எல்லா வளையங்களும் ஒரே கொக்கியில், ஒரே மட்டத்தில் தொங்க வேண்டும்.

இத்தகைய நுட்பங்களைக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டுமா, ஆசிரியர் சொல்லித்தர வேண்டுமா என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகள் 112 பேரைக் கொண்டு டேவிட் கிளாரும் மிலேனா நைகமும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. சாய்தளத்தில் பந்துகளை உருட்டும் சோதனைகளில், ஒன்றை மட்டும் மாற்றும் முறையை எடுத்துக்காட்டுகளோடு நேரடியாகக் கற்றவர்களில் பெரும்பான்மையினர் அதில் தேர்ச்சி பெற்றார்கள்; எந்த வழிகாட்டலும் இல்லாமல் தாமே கண்டறிய விடப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே தேறினார்கள். குறைந்த வழிகாட்டலால் தொடக்கநிலை மாணவர்களின் நினைவாற்றலுக்குச் சுமை கூடுகிறது என்று இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் எழுதிய கட்டுரையும் பரவலாக விவாதிக்கப்பட்டது. இவற்றை வைத்துச் செயல்பாடுகளையே கைவிடலாம் என்று சிலர் வாதிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கிளாரின் குழந்தைகளும் கையால் சோதனை செய்தவர்கள்தான். முறையை ஆசிரியர் ஒளிவுமறைவின்றிக் கற்பிக்கட்டும்; எது நடக்கும், ஏன் நடக்கும் என்பதைக் குழந்தைகளிடம் விட்டுவிடட்டும்.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்து களிமண் மலையிலிருந்து நுரை பொங்க வைக்கும் எரிமலை மாதிரி உலகெங்கும் புகழ்பெற்றது. அதில் கணிக்கவோ தோற்கவோ எதுவும் இல்லை என்பதோடு, உருகிய பாறையிலிருந்து வாயுக்கள் பிரிந்து வெடிக்கும் எரிமலையைப் பற்றி அது தவறான படத்தையே தருகிறது. அந்தக் கலவை சூடேறுவதற்குப் பதில் சில பாகை குளிர்ந்துபோகிறது. மலையை எடுத்துவிட்டு, அதே பொருள்களைப் புட்டியில் இட்டு அதன் வாயில் பலூனை மாட்டுவது மேல். வினிகரின் அளவை மாற்றாமல் சோடாவை ஒவ்வொரு கரண்டியாகக் கூட்டிக்கொண்டே போனால், பலூன் ஓர் அளவுக்கு மேல் பெரிதாகாது. ஏன் நின்றுவிட்டது என்ற கேள்வி அந்த வகுப்பை நெடுநேரம் இழுத்துச் செல்லும்.

இங்கிலாந்தின் உயர்நிலை வகுப்புகளில் 25 செய்முறைப் பாடங்களை நேரில் கவனித்து ஏப்ரஹாம்ஸும் மில்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர்கள் சோதனையை 'வரவைப்பதில்' தேர்ந்திருந்தார்கள் என்றும், அதன் பின்னுள்ள கருத்தைப் பேசுவதற்கு மிகக் குறைந்த நேரமே ஒதுக்கினார்கள் என்றும் கண்டது. தொடக்க வகுப்புகளிலும் இதே சாய்வைப் பார்க்கலாம். பொருளைப் பகிர்வதும் சிந்தியதைத் துடைப்பதுமாகவே 40 நிமிடங்கள் போய்விடுகின்றன. அந்த 40 நிமிடங்களில் முதல் பத்தைக் கணிப்புக்கும் கடைசிப் பதினைந்தைப் பேச்சுக்கும் ஒதுக்கிவிட்டு, இடையில் எஞ்சுவதற்குள் முடியும் செயல்பாட்டை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. முடியாவிட்டால் அதை இரண்டு வகுப்புகளாகப் பிரிக்கலாம். பேச்சை வெட்டக் கூடாது. ஒரு குழுவில் நால்வருக்கு மேல் சேர்ந்தால் யாரோ ஒருவர் பார்வையாளராகிவிடுகிறார், அவர் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே குழந்தையாக இருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சில. வீட்டு மின்னிணைப்பும் பாதரச வெப்பமானியும் தொடக்க வகுப்புக்குள் வரவே கூடாது. பொத்தான் வடிவச் சிறு மின்கலத்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயில் கடுமையான புண் உண்டாகலாம். வலிமை மிக்க சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் சுவர்களை இடையில் வைத்து ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும். இவ்விரண்டும் ஆபத்தானவையாகத் தோன்றாததாலேயே மிகவும் ஆபத்தானவை. நிழல்களைப் பற்றிய பாடம் எடுக்கும் நாளில், சூரியனை நேராகவோ உருப்பெருக்கியின் வழியாகவோ பார்க்கக் கூடாது என்பதை வெளியே போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒரு செயல்பாடு கற்பித்ததா என்று அறிய, அதே செயல்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்பதால் பயன் குறைவு. விடை நினைவிலிருந்து வந்துவிடும். சூழலைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். மூன்று மெழுகுவர்த்திப் பாடம் நடந்து ஒரு வாரம் கழித்து, மெழுகுவர்த்தி எதுவும் இல்லாமல், வெந்நீரில் கழுவிச் சூடாக்கிய குவளையை நீருள்ள தட்டில் கவிழ்த்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஆக்சிஜன் விளக்கத்தோடு இருப்பவர்கள், எரிவதற்கு எதுவும் இல்லாததால் நீர் ஏறாது என்பார்கள். காற்று குளிர்ந்து சுருங்குவதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஏறும் என்பார்கள், எவ்வளவு ஏறும் என்று கோடும் போடுவார்கள். பிறகு குவளையைக் கவிழ்த்துவிட்டு, அது குளிரும்வரை எல்லாரும் காத்திருக்கலாம்.